சிலாதோரணத்தின் முன் நாம் எவ்வாறு நிற்கிறோம்?

சங்க இலக்கியத்தின் பாலைத் திணைப் பாடல்களை ஆய்ந்து வருபவன் என்ற முறையில், வேங்கடமலை குறித்துச் சில மாதங்களாக மனத்தில் கிடந்தவற்றை இங்கே எழுதுகிறேன். பதிவு சற்று நீளமானது. பொறுமையுடன் வாசித்து, மாறுபடுவோர் தம் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

அண்மையில் திருமலைக்குச் சென்றிருந்தேன். தரிசனம் முடிந்தபின், எல்லோரையும் போல, சுற்றுலா ஜீப் ஒன்றில் இடம் பிடித்தேன். ஸ்ரீவாரி பாதம், சிலாதோரணம், சக்கர தீர்த்தம், ஆகாச கங்கை, பாபவிநாசம் என்று ஒரே மூச்சில் சுற்றிக் காட்டும் வண்டி அது. சிலாதோரணத்தில் இறங்கியதும் வண்டியோட்டி, "பத்து நிமிஷம்தான் சார், உலகத்துலயே இந்த மாதிரி மூணுதான் இருக்கு, போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க" என்றார். வேலிக்கு அப்பால் பாறை வளைவு நின்றது. வேலிக்கு இப்பால் ஐம்பது பேர் அதற்கு முதுகு காட்டிக் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். எங்கள் வண்டியில் வந்த இளைஞர் ஒருவர் கம்பி வேலியில் கால் வைத்து ஏறி, வளைவின் மேல் நின்று படம் எடுத்தால் எப்படியிருக்கும் என்று உரக்கக் கேட்டார். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், "தம்பி, பெருமாள் காலு வெச்ச எடம்பா. எறங்கு" என்றார். அவர் இறங்கினார். ஆனால் இறங்கும்போது, "வெறும் கல்லுதானே பாட்டி" என்று சொல்லத் தவறவில்லை.

"பெருமாள் கால் வைத்த இடம்", "வெறும் கல்" ஆகிய இவ்விரு தொடர்களும் என்னோடு மலையிறங்கி வந்தன. புனிதம் என்று ஒரு சமூகம் போற்றும் பாறையின் முன் ஒரு பயணி எவ்வாறு நிற்க வேண்டும் என்பதே இப்பதிவின் கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணியிடம் நம்பிக்கையை எவரும் கேட்க இயலாது. அடக்கத்தைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அந்த அடக்கம் கல்லை அறியாதவனுக்கு வாய்ப்பதில்லை. கதையை அறியாதவனுக்கும் வாய்ப்பதில்லை.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். சென்னையிலிருந்து ரேணிகுண்டாவுக்கு இரயிலில் செல்வோர் நகரி, புத்தூர் தாண்டும்போது மலைகளின் உச்சியில் சுவர் எழுப்பியதுபோல் நிற்கும் செந்நிறப் பாறை அடுக்குகளைக் கண்டிருப்பர். கடலில் வந்த மாலுமிகள் தொலைவிலிருந்தே அடையாளம் கண்ட 'நகரி மூக்கு' அவ்வடுக்கின் ஒரு முனையே. திருப்பதி நகருக்கு மேல் சுவர்போல் எழுவதும் அதே இனப் பாறைதான். குவார்ட்சைட் என்பது அதன் பெயர். பழங்கால நீர்நிலை ஒன்றின் அடியில் படிந்த மணல் இறுகி, மேலும் இறுகிக் கண்ணாடிபோல் கெட்டிப்பட்ட கல். அதன் வயது ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகள் என்பர். அதற்குக் கீழே கிடக்கும் கருங்கல்லோ 210 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன. இடையில் இருந்திருக்க வேண்டிய ஐம்பது கோடி ஆண்டுகளின் பதிவு அங்கே இல்லை. அரிப்பில் போயிற்று, அல்லது படியவே இல்லை. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைச்சாலையின் வெட்டுமுகத்தில் இந்த இடைவெளியைக் கண்ணால் காணலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதனையும் சிலாதோரணத்தையும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்துள்ளது.

சிலாதோரணம் அந்தக் குவார்ட்சைட்டில் இயற்கை திறந்த வாயில். ஏறத்தாழ 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடையது. இரு புறமும் பாறைத் திரள்கள். அவற்றை மேலே ஒரு மெல்லிய கல் இணைக்கிறது. ஓடும் நீரும் காற்றும் வெயிலும் பாறையின் வெடிப்புகளில் புகுந்து, தளர்ந்ததை அகற்றி, தளராததை விட்டுச் சென்றதால் நிகழ்ந்தது இது. இக்கல் தோன்றிய காலமும் இவ்வளைவு தோன்றிய காலமும் ஒன்றல்ல. கல் மிகப் பழையது; வளைவு அதன் வாழ்வில் பிற்காலத்தில் வந்தது. அரிப்பு உருவாக்கிய ஒன்றை அரிப்பே ஒருநாள் வீழ்த்தும். நம் கால்களும் அரிப்பின் ஒரு வகைதான் என்பதை மட்டும் நினைவிற் கொண்டால் போதும்.

இனி, "உலகத்திலேயே மூன்றுதான்" என்ற பெருமைக்கு வருகிறேன். இது உண்மையன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'ஆர்ச்சஸ்' என்ற பெயருடைய ஒரே தேசியப் பூங்காவில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட இயற்கைப் பாறை வளைவுகள் கணக்கெடுக்கப்பட்டுள்ளன. வண்டியோட்டியை நான் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் சொன்னார். நூல்களிலும் வலைத்தளங்களிலும் அதுவே திரும்பத் திரும்பக் காணக் கிடைக்கிறது. ஆனால் இப்பெருமை ஒரு தீங்கைச் செய்கிறது. அரியது என்பதால்தான் இது போற்றத்தக்கது என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. அப்படியானால், 2,000 வளைவுகள் உண்டு என்று அறிந்த நாளில் அந்த இளைஞர் கூறியதே சரியாகிவிடும்: வெறும் கல். உலகில் எத்தனை கோடித் தாய்மார் இருந்தாலும் நம் தாயின் மதிப்பு குறைவதில்லை. ஓர் இடத்தின் மதிப்பு, அது எத்தனையாவது என்ற எண்ணிக்கையில் இல்லை. அவ்விடத்தோடு மாந்தர் கொண்ட உறவில் இருக்கிறது. வளைவின் உயரமும் மூலவரின் உயரமும் ஒன்றே என்று அளவுகோலால் பக்தியை நிறுவ முயல்வதும் இத்தகையதே. நம்பிக்கைக்கு அளவுநாடா வேண்டியதில்லை.

அந்த உறவு என்ன என்று பார்ப்போம். திருமால் வைகுந்தத்திலிருந்து இறங்கியபோது முதல் அடியை நாராயணகிரியிலும், இரண்டாம் அடியைச் சிலாதோரணத்திலும், மூன்றாம் அடியை இன்று கோயில் உள்ள இடத்திலும் வைத்தார் என்பது திருமலையில் வழங்கும் கதை. ஆழ்வார்கள் பாடியது மலை முழுவதையும். இவ்வளைவைத் தனித்துச் சுட்டும் பாசுரம் எதையும் நான் கண்டதில்லை. குலசேகராழ்வார் இம்மலையில் பறவையாகவும் மீனாகவும் மரமாகவும் படியாகவும் கிடக்க விரும்பினார். அவர் கேட்டது மலையின்மேல் உரிமையன்று, மலையின் ஒரு பகுதியாகக் கிடக்கும் பேறு. இராமாநுசர் வரலாற்றிலும் இதே உணர்வு உண்டு. மலை ஆதிசேடனின் வடிவம் ஆதலால் அதன்மேல் கால் வைக்க அவர் தயங்கினார் என்றும், பிறர் வேண்டியபின் முழங்காலால் ஏறினார் என்றும் வைணவ மரபு கூறுகிறது. இன்றும் படிவழியின் செங்குத்தான பகுதியை முழங்காலின் பெயராலேயே தெலுங்கில் அழைக்கின்றனர். அலிபிரியிலிருந்து ஏறும் 3,550 படிகளில் மஞ்சளும் குங்குமமும் இட்டுச் செல்லும் பெண்களைக் கண்டிருப்பீர்கள். அவர்களுக்கு மலை கோயிலுக்குச் செல்லும் வழி மட்டும் அன்று, மலையே கோயில்.

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு பாறையை நினைவுகூர்கிறேன். ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் தரைக்கு மேல் 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் உலுரு என்ற செம்மணற்பாறை, அனாங்கு என்ற தொல்குடியினருக்குப் புனிதமானது. 1873இல் அங்கு வந்த வெள்ளையர் ஒருவர் அதற்குத் தம் ஆட்சியாளர் ஒருவரின் பெயரைச் சூட்டினார். 1960களில் ஏறுவோருக்காகப் பாறையில் இரும்புச் சங்கிலி பதிக்கப்பட்டது. ஏறும் முயற்சியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1985 அக்டோபர் 26 அன்று நில உரிமை அனாங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. அவர்களோ அன்றே அதனைத் தேசியப் பூங்காவாக 99 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தனர். வாருங்கள், காணுங்கள், சுற்றி நடங்கள், கதைகளைக் கேளுங்கள், ஆனால் ஏறாதீர்கள் என்பதே அவர்கள் வேண்டுகோள். நெடுங்காலம் அது வேண்டுகோளாகவே இருந்தது. ஏறுவோரின் வரிசையை அவர்கள் எறும்புகள் என்று அழைத்தனர். 2017இல் பூங்கா நிர்வாகக் குழு ஏறுதலைத் தடை செய்ய முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வாரங்களில், கடைசி வாய்ப்பு என்று, ஏறுவதற்குக் கூட்டம் அலைமோதியது என்பதையும் மறக்கலாகாது.

உலுருவில் ஏறாமை வழிபாடு. திருமலையில் ஏறுதலே வழிபாடு. செயல்கள் நேர் எதிரானவை. எனினும் அடிப்படை ஒன்றே: இவ்விடத்தில் எது மதிப்பு, எது அவமதிப்பு என்பதை முடிவு செய்வது பயணியின் ஆவல் அன்று, அவ்விடத்தைப் போற்றுவோரின் மரபு. பயணி செய்ய வேண்டிய முதல் வேலை, ஏறலாமா என்று தன் கால்களைக் கேட்பதற்கு முன் அங்குள்ளோரைக் கேட்பது. ஆரணி மூதாட்டி அவ்விளைஞருக்குச் சொன்ன விடை, அனாங்கு முதியோர் உலகுக்குச் சொன்ன விடையிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

ஆயினும் இவ்வொப்புமையை அளவுக்கு மீறி இழுப்பது நேர்மையாகாது. அனாங்கு மக்கள் நிலம் இழந்தோர். தம் புனிதத்தைக் காக்க அதிகாரமற்றோர். திருமலையின் புனிதமோ செல்வமும் செல்வாக்கும் உடையது. அங்கே ஒரு சிறு குடியின் வேண்டுகோளை வந்தேறிகள் மதிக்கவில்லை. இங்கே கூட்டத்தையும் வாகனங்களையும் கட்டடங்களையும் மலைக்குக் கொண்டுவருவது பக்தியே. 1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. 1970களில் இரண்டாம் சாலை வந்தது. சாலைக்காகப் பாறையை வெட்டியபோதுதான் நான் மேலே சொன்ன காலஇடைவெளி பலர் கண்ணுக்கும் எட்டியது என்பது வேறு கதை. எனவே, 'புனிதத்தை மதியுங்கள்' என்று புறத்தாரை நோக்கிச் சொல்வது இங்கே பாதி வேலைதான். மலையை ஆதிசேடன் என்று நம்புவோர், அவன் உடல்மேல் நெகிழிப் புட்டியை எறியலாமா என்று தம்மையே கேட்டுக்கொள்வது மறுபாதி. இராமாநுசர் கால் வைக்கத் தயங்கிய மலையில் நாம் குப்பை போடத் தயங்குவதில்லை. அடக்கம் நம்பாதவனுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கடமையன்று. நம்புகிறவனுக்கு அது இருமடங்கு.

மறுபக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும். இயற்கை எல்லோர்க்கும் பொது. ஒரு சமயத்தாரின் கதைக்காக அறிவியலும் பயணமும் ஏன் அடங்க வேண்டும் என்பர். வளைவைக் காக்க வேலி வேண்டும் என்று புவியியலாளரும் சொல்கின்றனர். பெருமாள் அடி வைத்த இடம் என்று பாட்டியும் சொல்கிறார். காரணம் வேறு, கோரிக்கை ஒன்று. இவ்வளைவு 1980களில்தான் புவியியலாளரின் கவனத்துக்கு வந்தது. அவர்கள் வந்து கதையை அழிக்கவில்லை. கதையும் அவர்களைத் தடுக்கவில்லை. இரண்டும் ஒரே கல்லைத் தொடாமல் காத்து நிற்கின்றன. பத்து நிமிடத்தில் முதுகு காட்டிப் படமெடுத்துச் செல்பவரிடம் மட்டும் இரண்டில் எதுவும் இல்லை.

இனி, இப்பதிவை எழுதத் தூண்டிய உண்மையான காரணம். வேங்கடத்தைப் பற்றி நம் மொழியில் எழுதப்படும் பதிவுகளில் பெரும்பாலானவை 'வேங்கடம் நமதே' என்ற ஒற்றைத் தொடரில் முடிகின்றன. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்வது உண்மை. கோயிற் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருப்பதும் உண்மை. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபின் ம.பொ.சி. உள்ளிட்டோர் எல்லைக்குப் போராடியதும், 1960இல் திருத்தணி நம்மிடம் வந்ததும், திருப்பதி வாராததும் வரலாறு. அப்போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சங்கப் புலவரிடம் திரும்பிச் சென்றால் வேறொரு குரல் கேட்கிறது.

அகநானூற்றில் வேங்கடம் பெரும்பாலும் பாலைப் பாடல்களில் வருகிறது. பாலை என்பது மணற்பரப்பு அன்று. வெம்மையால் தன் இயல்பு திரிந்த காடும் மலையும். பொருள் தேடிப் பிரிந்த தலைவன் வேங்கடத்தைக் கடந்து வேற்றுமொழி வழங்கும் நாட்டுக்குச் செல்கிறான். மாமூலனார் அம்மலையைக் கள்வர் தலைவனான புல்லியின் மலை என்கிறார். விழாக்களால் சிறந்தது என்றும் சொல்கிறார். அத்தகைய வேங்கடமே கிடைத்தாலும் தலைவன் அங்குத் தங்கமாட்டான், உன்னிடமே திரும்புவான் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். கவனியுங்கள்: மலை சிறப்புடையது, அதற்கு உரியவன் ஒருவன் உண்டு, நம் தலைவன் அதைக் கடப்பவன். நம் இலக்கியத்தின் மிகப் பழைய வேங்கடக் காட்சியிலேயே தமிழன் பயணியாக நிற்கிறான். எல்லை என்பது ஒருவருக்கு முடிவும் மற்றவருக்குத் தொடக்கமும் ஆகும் இடம். எல்லைக்கல்லை இருபுறத்தாரும் சேர்ந்தே காக்க வேண்டும்.

எனவே, உரிமை பேசுவோரிடம் ஒன்றே கேட்கிறேன். நம்முடையது என்று சொல்லும் அம்மலையைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அக்காட்டின் செம்மரத்தையும், அடிவாரத்தில் தலைமுறைகளாக வாழும் யானாதி மக்களையும், வெட்டுமுகத்தில் தொலைந்துபோன ஐம்பது கோடி ஆண்டுகளையும் நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்தோம்? அனாங்கு மக்கள் உரிமையை மீட்டதும் முதலில் செய்தது, விருந்தினருக்கு மலையைக் கற்பிப்பது. நாமோ கற்றுக்கொள்ளாமலே உரிமை கோருகிறோம்.

இதைப் பேச இதுவே தக்க நேரம். 2025இல் திருமலை மலைகளின் இயற்கை மரபை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இந்தியா சேர்த்துள்ளது. மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பட்டியல் வந்தால் கூட்டமும் வரும். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உலுரு 1987இல் இயற்கைச் சின்னமாக மட்டுமே உலகப் பட்டியலில் ஏறியது. அம்மக்களின் பண்பாட்டையும் சேர்த்து அங்கீகரிக்க 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. திருமலையையும் இயற்கை என்ற ஒரு கண்ணால் மட்டும் பார்த்தால், முழங்காலால் ஏறிய மரபு விடுபடும். தலம் என்ற ஒரு கண்ணால் மட்டும் பார்த்தால், 160 கோடி ஆண்டுக் கல் வெறும் பின்புலமாகிவிடும். இரண்டையும் ஒரே ஆவணத்தில் எழுதுவோர் வேண்டும். தெலுங்கிலும் தமிழிலும், எளிய நடையில், மிகையின்றி, அவ்விடத்தில் அறிவிப்புப் பலகை எழுதுவோரும் வேண்டும். 'மூன்றுதான்' என்ற சொல் அதில் இருக்கலாகாது.

அடுத்த முறை செல்வோருக்கு என் சிறு வேண்டுகோள். முடிந்தால் ஒருமுறையேனும் படியேறிச் செல்லுங்கள். வாகனத்தில் சென்றால், மலைச்சாலையில் சன்னலோரம் அமர்ந்து, கருங்கல் முடிந்து செந்நிற அடுக்கு தொடங்கும் கோட்டைத் தேடுங்கள். சிலாதோரணத்தில் படமெடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அதை நேருக்கு நேர் பாருங்கள். வேலியைத் தாண்டாதீர்கள். நம்பிக்கையுடையோர் கைகூப்பலாம், இல்லாதோர் பேசாமல் நிற்கலாம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

அன்று வண்டி புறப்படுகையில் அந்த இளைஞர் என்னிடம், இக்கல் உண்மையில் எவ்வளவு பழையது என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முன்னிருக்கையிலிருந்த மூதாட்டியிடம், "பாட்டி, மூணாவது அடி எங்க வெச்சாரு?" என்றார். சக்கர தீர்த்தம் வரும்வரை பாட்டி சொல்லிக்கொண்டு வந்தார். அவர் கேட்டுக்கொண்டு வந்தார்.